கடற்கரைச் சிறு நண்டினங்கள் தின்பதைப் பார்க்க எந்த மைக்ரோஸ்கோப்? 20–40 மடங்கு ஸ்டீரியோ பற்றி ஒரு மதிப்பீடு

விலங்கியல் துறைக்கு மைக்ரோஸ்கோப் வாங்கும்போது பணமெல்லாம் 1000 மடங்கு காட்டும் காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப்புக்கே போய்விடுகிறது. குறைந்த பெருக்கத்தில் இரு கண்ணாலும் பொருளை முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்டீரியோ ஒன்று இருந்தாலும் பூச்சி பார்க்கவும் பூ அறுக்கவும் மட்டும் வெளியே வரும். கடற்கரையில் வாழும் சிறு நண்டினங்களின் உணவுப் பழக்கத்தைப் படிக்க நினைக்கிறவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கல்லில் ஒட்டி வாழும் கொட்டலசோ, அலைக்கரை மணலில் புதையும் எமெரிட்டாவோ, மணலுருண்டை நண்டோ, அவை தின்பது ஓர் அசைவு. அது தண்ணீருக்குள், ஒரு சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில், ஒளி ஊடுருவாத ஓட்டின் மேல் நடக்கிறது. முதலில் அந்த அசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டால்தான் பிறகு இரைப்பையைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு.

இங்கே மதிப்பிடுவது கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் காணப்படும் சாதாரண அமைப்பை. ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து பல பெயர்களில் வருகிறது. உள்ளே ஏறக்குறைய ஒன்றேதான். 10 மடங்கு அகலப்பார்வை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இரண்டு, திருப்பி மாற்றிக்கொள்ளும் 2 மடங்கு, 4 மடங்கு லென்ஸ் ஜோடிகள், ஒரு தூண், பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் தலை, மேலே ஒரு எல்இடி, அடியில் ஒரு எல்இடி, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான வட்டத் தட்டு. மொத்தப் பெருக்கம் 20, 40 என்ற இரண்டே. இந்த வேலைக்கு இது போதுமா என்றால், முக்கால்வாசிக்குப் போதும். மீதிக் கால்வாசி எங்கே இடிக்கும் என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எண்கள். ஐபீஸின் பக்கவாட்டில் 10X/20 என்று பொறித்திருந்தால் அந்த 20 பார்வை எண். அதை லென்ஸின் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 2 மடங்கில் 10 மி.மீ., 4 மடங்கில் 5 மி.மீ. நடுத்தரக் கொட்டலசு ஒன்று வலையை முழுக்க விரித்தாலும் 10 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும். லென்ஸின் அடிமுனைக்கும் பார்க்கும் பொருளுக்கும் இடையில் கிடைக்கும் வெற்றிடம் மாடலுக்கு மாடல் மாறும். அது 5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். பெட்ரி தட்டின் (ஆழமில்லாத வட்ட ஆய்வகத் தட்டு) விளிம்பு, தண்ணீர், இடுக்கி பிடித்த கை எல்லாம் அந்த இடத்துக்குள்தான் புழங்க வேண்டும். காம்பவுண்டின் 40 மடங்கு லென்ஸில் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவே. உயிருள்ள, ஓடுள்ள பிராணியை அங்கே நுழைக்கவே முடியாது. தவிர, காம்பவுண்டில் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ஸ்டீரியோவில் நேராகத் தெரிவதால் இடுக்கியை வலது பக்கம் நகர்த்தினால் வலது பக்கமே நகரும். மயிரிழை போன்ற உறுப்புகளைத் தொட்டு வேலை செய்யும்போது இதன் அருமை புரியும்.

கருவி தேறுகிறதா என்று சோதிக்கச் சிறந்த பிராணி கொட்டலசு, அதாவது பார்னக்கிள். சிப்பி மாதிரி ஓட்டுக்குள் ஒட்டிக் கிடந்தாலும் அது நண்டு, இறால் வகையறா. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இதை மட்டுமே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுத் துறைமுகச் சுவர், படகின் அடி, கரையில் கொட்டிய கருங்கல் எங்கும் கிடைப்பது ஆம்ஃபிபாலனஸ் ஆம்ஃபிட்ரைட் என்ற இனம். காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கல்கரையில் தேடிப் போகவே வேண்டாம். ஆனால் கல்லிலிருந்து பெயர்த்தெடுக்காதீர்கள். இந்த இனத்தின் அடித்தட்டும் சுண்ணாம்பு. பெயர்த்தால் அது கல்லோடு நின்றுவிடும், மேலே வந்த பிராணி அடி திறந்து சீக்கிரம் செத்துவிடும். கொட்டலசு ஒட்டிய செத்த மட்டி, உடைந்த சிப்பி, பாட்டில் மூடி, மிதவைத் துண்டு என்று கையில் எடுக்கக்கூடியதாகப் பாருங்கள். 5 முதல் 10 மி.மீ. விட்டமுள்ளவை சரியான அளவு. ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். மூடிய பாட்டிலில் தண்ணீரோடு கொண்டுவந்தால் ஆக்சிஜன் தீர்ந்து தளர்ந்துவிடும். காற்றில் மூடிக்கொண்டு சில மணி நேரம் கிடப்பது அதற்குப் பழக்கமானதுதான்.

90 மி.மீ. பெட்ரி தட்டில் சிப்பியை வைத்து, அதே இடத்துக் கடல்நீரைத் துணியில் வடிகட்டி, கொட்டலசின் வாய்க்கு மேல் 3, 4 மி.மீ. நிற்கும்படி ஊற்றுங்கள். சாதாரணத் தட்டின் உயரம் 15 மி.மீ. மட்டுமே என்பதால் சிப்பி பெரிதாக இருந்தால் ஆழமான கண்ணாடிக் கிண்ணம் வேண்டும். சமையல் உப்பைக் கரைத்த நீர் கூடாது. வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டால் மேல்வாயின் நான்கு தகடுகள் விலகிக் கால்கள் வெளியே வரும். ஆறு ஜோடிக் கால்கள். பின் மூன்று ஜோடிகள் நீளமானவை. மயிரடர்ந்து வளைந்து விரிந்து, வீச்சுவலை போல நீரை அள்ளிச் சுருளும். முன் மூன்று ஜோடிகள் குட்டையானவை. வலை உள்ளே வந்ததும் அதில் சிக்கியதைச் சீவி வாய்க்குத் தள்ளுவது அவற்றின் வேலை. இந்த வேலைப் பிரிவினை 20 மடங்கிலேயே தெளிவாகத் தெரிகிறது. இந்த வகைக் கருவியின் முதல் வெற்றி அதுதான்.

40 மடங்குக்கு மாற்றினால் ஒரு சங்கடம் வரும். நேராக நிற்கும் கொட்டலசின் வலை லென்ஸை நோக்கி எழும்பி வருவதால், நுனி தெளிந்தால் அடி மங்கும், அடி தெளிந்தால் நுனி மங்கும். 4 மடங்கு லென்ஸில் தெளிவாக இருக்கும் ஆழம் குறைவு. ஃபோகஸைத் திருகித் திருகிக் கை வலிக்கும். சிப்பியைப் பக்கவாட்டில் சாய்த்து, வலை கிடைமட்டமாக வீசும்படி வைத்தால் முழு வீச்சும் ஒரே தளத்தில் வந்துவிடும். சாய்த்து நிறுத்தக் களிமண் பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண் வேண்டாம். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் பரவி பிம்பத்தைக் கெடுக்கும். இரண்டு சிறு கூழாங்கல் போதும்.

வெறும் நீரில் வலை வீசுவதைப் பார்ப்பதைவிட இரை கொடுத்துப் பார்ப்பது பல மடங்கு மேல். பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை) குஞ்சுகள் இதற்கென்றே அமைந்தவை. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, 28 டிகிரி வெப்பம், நல்ல காற்றோட்டம், வெளிச்சம் இருந்தால் 24 மணி நேரத்தில் பொரியும். அரை மில்லிமீட்டர் நீளம், ஆரஞ்சு நிறம். கறுப்புத் தட்டின் மேல் ஒவ்வொன்றாக எண்ணலாம். பொரித்த நீரோடு அப்படியே ஊற்றாமல் மெல்லிய வலைத்துணியில் அலசி ஊற்றுங்கள். பழுப்பு நிற முட்டை ஓடுகள் கலந்துவிட்டால் கொட்டலசு அவற்றையும் வாரிக்கொள்ளும். பிறகு எது இரை, எது குப்பை என்று எண்ண முடியாது. ஒரு துளியில் சில பத்துக் குஞ்சுகள் போதும். வலை சுருளும்போது ஆரஞ்சுப் புள்ளி ஒன்று உள்ளே இழுபடுவதும், குட்டைக் கால்கள் அதை உருட்டித் தள்ளுவதும், சில சமயம் வேண்டாத மணல் துகளைத் திருப்பி வெளியே தள்ளுவதும் தெரியும்போது, உணவுத் தேர்வு என்று பாடத்தில் படிப்பது கண்முன் நிற்கும்.

வீச்சின் வேகத்தை அளக்க வேண்டுமானால் அரை நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்று எண்ணி, ஐந்து முறை திரும்ப எண்ணி, நீரின் வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள். வெப்பம் ஏறினால் ஓர் எல்லைவரை வேகமும் ஏறும் என்பதால் வெப்பம் குறிக்காத கணக்கு பயன்படாது. 20 மி.லி. ஊசிக்குழலில், ஊசியைக் கழற்றிவிட்டு, பக்கத்திலிருந்து மெல்ல நீரைத் தள்ளிப் பாருங்கள். அசையாத நீரில் அடித்துக்கொண்டிருந்த வலை, ஓட்டம் வந்ததும் விரித்தபடி நின்றுவிடும். நீரே இரையைக் கொண்டுவரும்போது அடிப்பது வீண் செலவு. ஒரே பிராணி இரண்டு முறையில் தின்பதை இவ்வளவு எளிதாகக் காட்டும் சோதனை வேறு இல்லை.

வலை திடீரென்று உள்ளே போய்த் தகடுகள் மூடிக்கொண்டால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். கொட்டலசுக்கு நிழல் ஆகாது. விளக்குக்கும் தட்டுக்கும் நடுவே கை போனாலே மூடிவிடும். மேசை அதிர்ந்தாலும் அப்படியே. ஆகவே லென்ஸ் மாற்றுவது, ஃபோகஸ் செய்வது எல்லாவற்றையும் விளக்கை மறைக்காத பக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இடதுகைக்காரர்கள் விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்து வெளிச்சம். இந்த மாடல்களில் மிகப் பலவீனமான பாகம் இதுதான். மேல் எல்இடி ஒரே கோணத்தில் பொருத்தப்பட்டது. நீரின் மேற்பரப்பிலும் ஈர ஓட்டிலும் பட்டு நேரே கண்ணுக்குள் பளிச்சென்று திரும்பும். சிறிய பெட்ரி மூடி ஒன்றைச் சாய்வாக நீரில் இறக்கி, அடியில் குமிழி சிக்காமல் மிதக்க விட்டால் நீர்மட்டம் சமமாகி, அலையும் பளிச்சும் பெரும்பகுதி போய்விடும். மின்விசிறியை நிறுத்தாமல் இதெல்லாம் செய்து பயனில்லை. ஒளி ஊடுருவும் மெல்லிய மயிர்களைக் காண, மேல் விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புத் தட்டின் மேல், பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒரு சிறு டார்ச்சைப் பிடியுங்கள். கறுப்பில் வெள்ளி இழைகளாக ஒவ்வொரு மயிரும் எழும்பி வரும். கருவியோடு வரும் விளக்கில் இந்தக் காட்சி கிடைப்பதில்லை. வளைத்துத் திருப்பக்கூடிய கழுத்துள்ள எல்இடி விளக்கு ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவதே மேல். 144 எல்இடி வளைய விளக்கு நிழலே இல்லாமல் தட்டையாக்கிவிடுவதால் இந்த வேலைக்குச் சுமாரானதே. ஹாலஜன் விளக்குள்ள பழைய மாடல் சும்மா கிடைத்தாலும் உயிருள்ளதைப் பார்க்க எடுக்காதீர்கள். தட்டிலுள்ள சிறிதளவு நீர் சீக்கிரம் சூடாகும், ஆவியாகி உப்பும் ஏறும். எல்இடியிலும் அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றுவது முறை.

எமெரிட்டாவுக்கு வரும்போது தூண் வைத்த இந்த அமைப்பு தடுமாறுகிறது. சென்னை மெரினாவில் அலை ஏறி இறங்கும் பட்டையில் காலை வைத்தால் மணலுக்குள் நெளியும் முட்டை வடிவப் பிராணி அது. எமெரிட்டா ஏசியாட்டிகா. கொடுக்கு கிடையாது. பின்பக்கமாக மணலில் புதைந்து, கடலைப் பார்த்தபடி இருந்து, அலை திரும்பி ஓடும்போது இறகு போன்ற இரண்டாம் ஜோடி உணர்கொம்புகளை விரித்து நீரை வடிக்கும். முதல் ஜோடி உணர்கொம்புகள் ஒன்றுசேர்ந்து மூச்சுக்கு நீர் போகும் குழாயாக மேலே நீட்டியிருக்கும். வடித்ததைக் கொம்போடு சேர்த்து உள்ளே சுருட்டி, வாயுறுப்புகளால் வழித்துத் தின்னும். இது முழுவதும் ஓடும் நீரை நம்பிய ஏற்பாடு. நின்ற நீரில் கொம்பு விரிவதே அரிது. வளர்ந்த பெட்டை புதைய ஐந்தாறு சென்டிமீட்டர் மணல் வேண்டும், அதற்கேற்ற தொட்டி தூணுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே நுழையாது.

வழி உண்டு. ஓடு 8 முதல் 10 மி.மீ. உள்ள இளசுகளை எடுத்து, ஆழமான கிண்ணத்தில் 3 செ.மீ. மணலும் அதற்கு மேல் 1 செ.மீ. நீரும் வைத்து, அவை புதைந்த பிறகு 50 மி.லி. ஊசிக்குழலால் முதுகுப் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி நீரைத் தள்ளுங்கள். கொம்பு விரியும் நேரம் மிகக் குறைவு. 20 மடங்கில் வைத்துப் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. கரையிலேயே பார்க்க 10 மடங்குக் கைலென்ஸ் இதைவிட உதவும். ஆனால் வடிகட்டியின் அமைப்பைப் பார்க்க ஸ்டீரியோவே. செத்த பிராணியின் கொம்பு ஒன்றை அடியோடு எடுத்து, கண்ணாடித் தட்டில் நீரில் விரித்து, கறுப்புப் பின்னணியில் 40 மடங்கில் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து வரிசையாகக் கிளைக்கும் மயிர்களும், அவற்றின் ஓரத்தில் புகை போல இன்னும் நுண்ணிய இழைகளும் இருக்கும். அந்தப் புகையைத் தனி இழைகளாகப் பிரித்துக் காட்ட இக்கருவியால் முடியாது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எமெரிட்டா ஏசியாட்டிகா ஆணாக வாழ்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுவதை சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்ரமணியம் 1981இல் விளக்கினார். சின்ன ஆண்கள் சில மில்லிமீட்டர்தான். பெட்டையின் அடிவயிற்றை 20 மடங்கில் தேடினால் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியலாம். ஆகவே உணவு ஒப்பீடு செய்யும்போது ஓட்டின் நீளத்தைக் குறிக்காமல் ஆண், பெண் என்று மட்டும் பிரித்தால், வயதின் வித்தியாசத்தைப் பாலின வித்தியாசம் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அளப்பதற்கு ஐபீஸுக்குள் போடும் அளவுக்கண்ணாடி வாங்குங்கள். 10 மி.மீ. நூறு பங்காகப் பிரித்ததாக இருந்தால் 20 மடங்கில் ஒரு கோடு 0.05 மி.மீ., 40 மடங்கில் 0.025 மி.மீ. இது கணக்குப்படி. உண்மையில் லென்ஸ் சொன்ன பெருக்கத்தைச் சரியாகக் கொடுக்கிறதா என்று நல்ல ஸ்டீல் ஸ்கேலின் அரை மில்லிமீட்டர் கோடுகளை வைத்து ஒருமுறை சரிபார்த்து, கிடைத்த எண்ணைக் கருவியிலேயே ஒட்டிவையுங்கள்.

மணலைத் தின்று மணலைத் துப்பும் நண்டுகளுக்கு இந்தக் கருவி மிகவும் பொருந்துகிறது. டொட்டிலா, ஸ்கோப்பிமெரா என்ற மணலுருண்டை நண்டுகள் நீர் வற்றியதும் வளையிலிருந்து வெளியே வந்து, மேல்மணலை வாய்க்குள் அள்ளி, செவுள் அறையின் நீரைப் பாய்ச்சிக் கலக்கும். மணல்மேல் படிந்த டயாட்டம் என்ற நுண்பாசி, பாக்டீரியா, மட்கிய துகள் ஆகிய லேசானவை மிதந்து மேலே போகும், கனமான மணல் உருண்டையாகச் சேரும். கொடுக்கால் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த வாய். பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் சேற்று மணலில் இருக்கும் ஃபிட்லர் நண்டுகள் தின்பதும் இதே தத்துவம்தான். பிரித்தெடுக்கும் வேலையில் பெரும்பங்கு இரண்டாம் தாடைக்காலின் (வாயை ஒட்டியுள்ள கால் போன்ற உறுப்பு) மயிர்களுக்கு. மணல் அதிகமுள்ள இடத்தில் வாழும் ஃபிட்லர் இனங்களுக்கு நுனி கரண்டியாக விரிந்த மயிர்கள் அதிகம். சேற்றில் வாழ்பவற்றுக்கு அவை குறைந்து இறகு மயிர்கள் அதிகம். மயிரைப் பார்த்தே பிராணி எந்தத் தரையில் மேய்கிறது என்று ஊகிக்கலாம் என்பது எவ்வளவு அழகான விஷயம்!

அதைப் பார்க்க, 70 சதவீத எத்தனாலில் வைத்த நண்டை மல்லாத்தி, கதவு போல வாயை மூடியிருக்கும் மூன்றாம் தாடைக்காலை விலக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் இரண்டாவதன் அடியை நுண்கத்தரியால் வெட்டி எடுத்து, கண்ணாடியில் ஒரு துளி கிளிசரினில் வையுங்கள். எத்தனாலிலிருந்து எடுத்ததை அப்படியே உலர விட்டால் மயிரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடும். 40 மடங்கில் மயிர்களின் அடர்த்தியும் வரிசையும் தெரியும். கரண்டி நுனி இருக்கிறது என்ற அளவில் தெரியும். அதன் விளிம்பை வரையவும் இனங்களை ஒப்பிடவும் காம்பவுண்டின் 100 மடங்கு தேவை. இதே துண்டைக் கிளிசரினோடு அங்கே மாற்றிவிடலாம்.

துப்பிய உருண்டையையும் பக்கத்தில் தொடாத மேல்மணலையும் தனித்தனித் தட்டில் வைத்து 20 மடங்கில் பார்த்தால், உருண்டையின் மணல் கழுவியது போலவும் மற்றது பழுப்புப் படலம் பூசியும் இருப்பது பல இடங்களில் கண்ணுக்கே தெரியும். எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று எடைபோட வேண்டுமானால் இரண்டையும் 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, எடை பார்த்து, 450 டிகிரி உலையில் நான்கு மணி நேரம் எரித்து, மறுபடி எடை பாருங்கள்; குறைந்த எடை எரிந்துபோன கரிமப்பொருளுடையது. 550க்கு மேல் ஏற்றினால் சிப்பித்தூளின் சுண்ணாம்பே சிதையத் தொடங்கிக் கரிமப்பொருளின் கணக்கோடு கலந்துவிடும். நம் கரை மணலில் சிப்பித்தூள் தாராளமாக இருப்பதால் இது சின்ன பிழையாக நிற்காது. தொடாத மணலை நண்டு அள்ளும் ஆழத்துக்கு, மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் சுரண்டி எடுப்பதும் முக்கியம். ஆழமாக அள்ளினால் ஒப்பீடே பொய்.

ஒதுங்கிய பாசி, கடற்புல் குவியலுக்கடியில் துள்ளும் ஆம்ஃபிபாட் என்ற சிறு நண்டினங்களுக்கு வேறு ஏற்பாடு. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் சைமோடோசியா, சிரிங்கோடியம் போன்ற கடற்புல் இலைகள் குவியலாக ஒதுங்கும் கரையில் இவற்றைத் தேடலாம். இவை நீருக்குள் வாழ்பவை அல்ல, ஈரத்தில் வாழ்பவை. கடல்நீரில் நனைத்துப் பிழிந்த வடிதாளைத் தட்டில் விரித்து, ஒரு சதுர சென்டிமீட்டர் இலைத்துண்டோடு ஒரு பிராணியை விடுங்கள். மூடி போடாவிட்டால் துள்ளிப் போய்விடும். மூடினால் உள்ளே ஆவி படிந்து எதுவும் தெரியாது. மூடியின் நடுவில் வட்டமாக வெட்டி வலைத்துணி ஒட்டி, பார்க்கும் நேரத்தில் மட்டும் மூடியை மெல்ல எடுக்கலாம். இவை இரவில் மேய்பவை. வெள்ளை எல்இடி போட்டதும் தின்பதை விட்டு ஒளிய இடம் தேடும். விளக்குக்கு மேல் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினால் கொஞ்சம் அமைதியாக இருக்கும், ஆனால் பிம்பம் மங்கும். நேரடியாகப் பார்ப்பதைவிட இரவு முழுக்க விட்டுக் காலையில் கடித்த ஓரத்தையும் எச்சத்தையும் 20 மடங்கில் பார்ப்பதே பலன் தரும். பிராணி இல்லாத இன்னொரு தட்டில் அதே அளவு இலையை வைக்க மறந்துவிடாதீர்கள். தானாக உலர்ந்தும் அழுகியும் குறைந்ததைக் கழிக்காவிட்டால் அதுவும் பிராணி தின்ற கணக்கில் ஏறிவிடும்.

கல் இடுக்குகளில் ஓடும் லைஜியா, பாறைப் பாசியைச் சுரண்டித் தின்பதை இந்தக் கருவியில் பார்க்க முயல்வது வீண்; அதன் ஓட்டத்துக்கு 10 மி.மீ. வட்டம் போதாது. துறவி நண்டுகளில் டயோஜினஸ் வகையைக் கட்டாயம் பாருங்கள். தரையில் பொறுக்கித் தின்னும் குடும்பத்தில் பிறந்தும், மயிரடர்ந்த உணர்கொம்பை வீசி நீரிலிருந்தும் வடித்துத் தின்னும் இனங்கள் அதில் உண்டு. உலர் ஈஸ்டைச் சிட்டிகை காங்கோ ரெட் சாயத்தோடு பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு துளி விட்டால் சிவப்புத் துகள் எந்த வழியாகப் போகிறது என்று தெரியும். அந்தச் சாயம் கையில் படாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துளிக்கு மேல் விட்டால் நீரே சிவந்து எதுவும் தெரியாது.

மணற்பரல்களுக்கிடையே வாழும் ஹார்ப்பாக்டிகாய்டு கோப்பிபாட்கள்தான் இந்தக் கருவியின் எல்லை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் உடல். லிட்டருக்கு 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகம் கரைத்த நன்னீரில் மணலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கலக்கி, மேல்நீரை 63 மைக்ரான் சல்லடையில் வடித்தால் மணலைப் பற்றியிருந்தவை மயங்கிப் பிடிவிட்டு வந்துவிடும். உடனே கடல்நீரில் அலசினால் மறுபடி நீந்தத் தொடங்கும். அவற்றைப் பொறுக்கிப் பிரிக்க ஸ்டீரியோ அவசியம். வாயுறுப்பைப் பார்க்க அது உதவாது. பொதுவாக 10 மைக்ரானுக்குக் குறைந்த எதையும் இதில் பார்த்ததாக எழுத வேண்டாம். இரைப்பையில் டயாட்டம் என்ன வகை என்பதற்கும் 400 மடங்கு காம்பவுண்டே கதி. ஸ்டீரியோவின் பங்கு இரைப்பையைக் கிழியாமல் வெளியே எடுப்பதோடு முடிகிறது.

இரைப்பைக்குள் நீல, சிவப்பு இழைகள் தெரிந்தால் உடனே பிளாஸ்டிக் என்று குறித்துவிடாதீர்கள். சட்டையிலிருந்தும் மேசைத்துணியிலிருந்தும் விழுந்தவையாக இருக்கலாம். வடிகட்டிய நீர் மட்டும் உள்ள ஒரு தட்டை, அறுக்கும் நேரம் முழுவதும் பக்கத்தில் திறந்து வைத்து, அதில் விழுந்த இழைகளை எண்ணி ஒப்பிட வேண்டும். பருத்தி மேலங்கி போடுவது கொஞ்சம் உதவும்.

கடையில் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு வரைபடத்தாளை வைத்து, ஒரு கோடு வெட்டும் புள்ளியை வட்டத்தின் நடுவே கொண்டுவந்து, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். புள்ளி இடம் மாறிக் குதித்தால், முக்கியமாக மேலும் கீழுமாகக் குதித்தால், இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. அதில் பத்து நிமிடம் பார்த்தால் தலைவலி வரும். வீட்டில் சரிசெய்யக்கூடிய குறையும் இல்லை. வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்து, 4 மடங்கில் டயாப்டர் வளையம் (ஒரு கண்ணுக்கு மட்டும் தெளிவைச் சரிசெய்யும் வளையம்) இல்லாத குழல் வழியாக ஒரு கண்ணால் ஃபோகஸ் செய்து, பிறகு தலையை நகர்த்தாமல் மற்றக் கண்ணுக்கு டயாப்டர் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். 2 மடங்குக்கு மாற்றினாலும் தெளிவு பெரிதாகக் கலையக் கூடாது. தலை தானாகக் கீழே சறுக்குகிறதா என்றும் பாருங்கள். சறுக்கினால் பல்சக்கரத்தின் இறுக்கத்தைச் சரிசெய்துதான் எடுக்க வேண்டும். லென்ஸ் உப்புநீரில் முங்கும் விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

போன் பிடிப்பானோ யூஎஸ்பி கேமராவோ சேர்த்து வாங்குவதானால் ஐபீஸ் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காம்பவுண்டுக்கு 23.2 மி.மீ., ஸ்டீரியோவுக்குப் பொதுவாக 30 அல்லது 30.5. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கேமரா நுழையாமலோ ஆடிக்கொண்டோ இருக்கும். இரண்டுக்கும் வளையம் கூட வருகிறதா என்று கேட்க வேண்டும். கொட்டலசு வலைக்கு விநாடிக்கு 30 படம் போதும். எமெரிட்டாவின் கொம்புக்குப் போனின் ஸ்லோமோஷன் வேண்டும், அதற்கு வெளிச்சமும் இரட்டிப்பாக வேண்டும்.

உப்புதான் இந்தக் கருவியைக் கொல்வது. ஒவ்வொரு முறையும் தட்டு, தூண், பல்சக்கரப் பக்கம் எல்லாவற்றையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த உப்பை நேரே தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும். கடலோர ஊர்களின் ஈரத்தில் இன்னொரு எதிரி லென்ஸ் பூஞ்சை. பிளாஸ்டிக் உறையை மூடி அலமாரியில் வைப்பது அதற்கு வசதி செய்து கொடுப்பது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மணிகளின் நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். முழுக் கருவிக்கு டப்பா கிடைக்காவிட்டால் தலையை மட்டும் கழற்றி வைக்கலாம்.

பிராணிகளை எடுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் தேவைக்கு ஐந்தாறு போதும், பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

பட்ஜெட் கூடுதலாக இருந்தால் 0.7 முதல் 4.5 மடங்கு வரை ஜூம் உள்ள தலையை வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 10 மடங்கு ஐபீஸோடு 7 முதல் 45 வரை போகும். குறைந்த பெருக்கத்தில் பார்வை வட்டம் 28 மி.மீ.க்கு விரிவதால் நண்டு முழுதாகத் தெரியும். லென்ஸுக்கும் பொருளுக்கும் இடைவெளியும் பெரும்பாலும் 10 செ.மீ. பக்கம் கிடைக்கும். விலை பல மடங்கு. எமெரிட்டா, மணலுருண்டை நண்டு என்று உயிரோடு தொட்டியில் வைத்துப் பார்ப்பதே முக்கிய வேலையானால் அந்தச் செலவு நியாயம்தான், அதையும் தூண் ஸ்டாண்டில் எடுக்காமல் நீட்டிச் சுழற்றும் கை ஸ்டாண்டில் எடுங்கள். கொட்டலசு, ஆம்ஃபிபாட், வாயுறுப்பு அறுப்பு என்று பெட்ரி தட்டோடு நிற்பவர்களும், ஒரு வகுப்புக்கு நாலைந்து கருவி வேண்டியவர்களும் 20–40ஐயே வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல விளக்கும், அளவுக்கண்ணாடியும், 5ஆம் எண் நுனி இடுக்கி இரண்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.